நாலரை நொடிக் காரின் கதவுக் கைப்பிடி

உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் அடுத்த தெருவில் இருப்பார். தரையோடு தரையாகப் பதுங்கிய கார், முன்பக்கம் ஒரு முறைப்பு, பின்பக்கம் நாலு புகைக்குழாய், கிளப்பினால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி 'கிர்ர்' என்று பதில் சொல்லும். இவ்வளவு ஆர்ப்பாட்டமாக வந்து நிற்கிற வண்டியிலிருந்து ஒரு வீராதிவீரர் குதிக்கப் போகிறார் என்று நீங்கள் வாய் பிளந்து நின்றால் ஏமாந்து போவீர்கள். பூ பறிக்கிறவர் மாதிரி இரண்டே விரலால் எதையோ கிள்ளி, மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, கதவைத் திறந்து, ஒன்றும் உடையவில்லை என்று தெரிந்த பிறகு பெருமூச்சு விட்டபடி ஒருவர் மெல்ல வெளியே வருவார். அவர்தான் நம்ம ஆள். இந்த இனத்துக்கு அறிவியலில் பெயர் கிடையாது. நான் வைத்திருக்கிற பெயர் 'பதமாக்காரர்'.

ஏன் அந்தப் பெயர் என்கிறீர்களா? ஒரே ஒரு முறை அந்தக் காரில் ஏறிப் பாருங்கள். "பதமா... பதமா... ஐயோ, பதமாங்க!" இதைத் தவிர வேறு வார்த்தை உங்கள் காதில் விழாது.

விஷயம் இதுதான். இந்தக் காரைச் செய்தவர்கள் இன்ஜினுக்காக ஏழு வருஷம் தூங்காமல் உழைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்காக மூன்று வருஷம். உள்ளே மனிதர்கள் உட்காருவார்கள், கதவைத் திறப்பார்கள், எதையாவது தொடுவார்கள் என்பது கடைசி நாள் சாயங்காலம், எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. கையில் கிடைத்த பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டு அவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆகவே, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலரை நொடியில் எட்டுகிற அந்த மகத்தான இயந்திரத்தில், ஏசி காற்றைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பினீர்கள் என்றால், அந்தச் சின்னத் தகடு 'டிக்' என்று உங்கள் விரலோடு வந்துவிடும். அந்த 'டிக்' சத்தத்தைக் கேட்டதும் பதமாக்காரர் முகத்தில் ஓடுகிற வேதனையைப் பார்க்க வேண்டுமே! ஆஸ்பத்திரி வாசலில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும்? என் சகலை இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒரு லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவின் தலைவர். மாடிக்கும் மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களை வெளியே எடுப்பது அவர் வேலை. இருபது வருஷத்தில் முந்நூறு பேருக்கு மேல் மீட்டிருக்கிறார் என்று அவரே சொல்லுவார். நல்ல மனுஷன். கைராசிக்காரர். கோபமே வராது. ஒரு குறையும் சொல்ல முடியாது, நாம் அவர் காரின் முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கிற சின்னப் பெட்டியை மூடாத வரைக்கும்.

என் மனைவி மூடினாள். போன வருஷம். திறந்து தொங்கிக்கொண்டிருந்ததே, முட்டியில் இடிக்கிறதே என்று மூடினாள். மூடியது மூடிக்கொண்டது, பூட்டு மட்டும் அவள் மடியில் விழுந்தது.

"அண்ணி, அதை எதுக்கு மூடினீங்க?" என்றார் சகலை, பூட்டை இரண்டு கையிலும் ஏந்தியபடி.

"பெட்டின்னா மூடத்தானே?"

"மூடலாம் அண்ணி, வேண்டாங்கல. ஆனா மூடணும்னு அவசியம் இல்லையே!"

வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் காரியமாக ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். அதற்குள் சின்னச் சின்ன பாலித்தீன் உறைகள். ஒவ்வொரு உறையிலும் ஒரு உடைந்த துண்டு, கூடவே ஒரு சீட்டு, சீட்டில் பொருளின் பெயர், தேதி, காரணம். 'காரணம்' என்ற இடத்தில் எப்போதும் ஒரு மனிதர்தான் இருப்பார். 'இடது ஏசி தகடு: பெரியப்பா, தும்மல்.' 'டம்ளர் வைக்கும் வளையம்: கீழ்வீட்டுக்காரர், டம்ளர் வைத்தார்.' 'வெயில் மறைப்பின் கொக்கி: மாமனார், வெயில் என்றார்.' அன்றைக்கு என் மனைவியும் அந்தச் சரித்திரத்தில் இடம் பிடித்தாள். 'பெட்டிப் பூட்டு: அண்ணி, தேவையில்லாமல் மூடியது.'

கவனியுங்கள், இருபது உறையில் ஒன்றில்கூட 'மட்டமான பிளாஸ்டிக்' என்று எழுதியிருக்காது. பதமாக்காரரின் வேதத்தில் கார் தப்பே செய்யாது. விரல்தான் தப்பு செய்யும். உங்களைப் புதிதாக அறிமுகப்படுத்தினால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்கக் கடுகளவு திருகாணியோடு மல்லுக்கட்டுகிற கை என்னுடையது. அந்த ஒரே தகுதிக்காகத்தான் அவர் காரில் எனக்கு நிரந்தர இடம் கிடைத்தது. அதுவும் எங்கே? பின்சீட்டில். பின்சீட்டு என்று அதைச் சொல்வது மரியாதைக்கு. என் முழங்கால் என் காதோடு பேசிக்கொண்டுதான் வரும்.

உடைந்த பிறகும் அவர் கலங்க மாட்டார் என்பதுதான் இந்த இனத்தின் அழகு. ஒரு நாள் துக்கம், மறுநாள் தத்துவம்.

"அண்ணா, ரேஸ் காருக்கு டம்ளர் வளையம் எதுக்குச் சொல்லுங்க? அது போனதுல முப்பது கிராம் எடை குறைஞ்சிருக்கு. வண்டி இப்ப இன்னும் வேகமாப் போகுது, நீங்க கவனிக்கல?"

நான் கவனிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். இந்தக் கணக்குப்படி உள்ளே இருக்கிற எல்லாம் உடைந்து விழுந்துவிட்டால் கார் பறந்தே போய்விடும் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் சந்தோஷப்படுவாரே என்று விட்டுவிட்டேன்.

இவர்களுக்கு ஒரு குழுவும் உண்டு. உலகம் முழுக்கப் பரவியிருக்கிற இதே கார்க்காரர்கள் கைபேசியில் கூடிக்கொள்கிற இடம். மற்ற குழுக்களில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பார்கள். இங்கே 'உங்களுக்கு இது எத்தனாவது கைப்பிடி?' என்று கேட்பார்கள். பனி கொட்டுகிற தேசத்தில் ஒருவர் தினமும் காலையில் தலை உலர்த்தும் கருவியால் கைப்பிடிக்கு இருபது நிமிஷம் சூடு காட்டிவிட்டுத்தான் தொடுவாராம். இன்னொருவர் மூன்று வருஷமாகக் கைப்பிடி உடையாமல் வைத்திருக்கிறார் என்று அவரை எல்லாரும் 'குருவே' என்று கூப்பிடுகிறார்கள். பிறகு விசாரித்ததில் அவர் மூன்று வருஷமாகக் காரைத் திறக்கவே இல்லை.

ஏறுகிற சடங்கைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். முதலில் சகலை காரின் வெளியே நின்று, விமானத்தில் பணிப்பெண் கை காட்டுவது போல எல்லாவற்றையும் காட்டுவார். இங்கே கை வைக்கலாம். இங்கே வைக்கக் கூடாது. இங்கே சாய்ந்துகொள்ளலாம், ஆனால் முழு மனதோடு சாயக் கூடாது. கதவை ஓங்கி அடைக்கக் கூடாது, ஓங்காமல் அடைத்தால் மூடாது, ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. "அது உங்களுக்கே தெரியும், கை சொல்லும்." என் கை எனக்கு இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் அவரே வந்து மூடிவிட்டுப் போவார்.

இப்படியே போயிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன், சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நடுவில் சகலையின் மனைவி, அதாவது என் மச்சினியின் இன்டர்வியூ வந்தது.

மச்சினி பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அதற்கேற்ற பல் வரிசையைச் செய்து கொடுக்கிற லேபில், மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத ஓர் அறையில், பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் செய்த பல்லோடு எத்தனையோ பேர் கரும்பு கடிக்கிறார்கள், மேடையேறிப் பேசுகிறார்கள், சம்பந்தியோடு சண்டை போடுகிறார்கள். ஒரு பல் ஆடினதாகப் புகார் இல்லை. ஆனால் செட்டின் மேல் பெயர் போடுவது வேறொருவர். பெரிய பல் மருத்துவமனை ஒன்றில் லேபுக்கே தலைமை ஏற்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு மாதம் மெனக்கெட்டு ஒரு மாதிரி செட் செய்தாள். மேல்வரிசை, கீழ்வரிசை, ஈறு, அதில் ஓடுகிற நரம்பின் மெல்லிய சிவப்பு உட்பட. அதைப் பார்த்தால் நம் பல்லைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை மாட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. அந்த மருத்துவமனையின் தலைமை டாக்டரம்மா நேரத்துக்குப் பேர்போனவர். பத்து அடித்தால் அறைக்கதவைச் சாத்திவிடுவார், அப்புறம் யார் வந்து தட்டினாலும் திறக்க மாட்டார் என்று ஊரே சொன்னது. மச்சினி எட்டரை மணி பஸ்ஸில் போவதாக இருந்தாள். சகலை துடித்துப்போனார்.

"நாலரை நொடி கார் வாசல்ல நிக்குது. என் பொண்டாட்டி பஸ்ல போறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நேரத்துக்குப் போயிடுவீங்களா?"

"நேரத்துக்கா! நேரம் நமக்குப் பின்னால ஓடி வரும்மா!"

பல் செட் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஆடாத கை வேண்டும் என்று என்னைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். இருக்கையை மடக்கி என்னை உள்ளே திணித்தவர் சகலைதான். பிறகு மச்சினிக்காக வெளியிலிருந்து தானே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மச்சினி அப்படியே உருகிவிட்டாள். "அத்தான், பாத்தீங்களா? கல்யாணம் ஆன புதுசுல கூட இப்படிச் செஞ்சதில்ல," என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அந்த மரியாதைக்குக் காரணம் வேறு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். பறந்தது. ஒன்பது முப்பத்தைந்துக்கு மருத்துவமனை வாசலில் நின்றோம். இருபத்தைந்து நிமிஷம் கையில் மிச்சம். சகலை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, வெற்றிக் களிப்பில் தன் பக்கத்து ஜன்னலை இறக்கப் பொத்தானை அழுத்தினார். 'டிக்.' பொத்தான் கதவுக்குள் போய்விட்டது. உள்ளே எங்கேயோ உருண்டு கீழே விழுந்த சத்தம் கூடக் கேட்டது.

சகலையின் முகம் மாறியது. நாங்கள் அதை வழக்கமான துக்கம் என்று நினைத்தோம். மச்சினி கதவின் உள் கைப்பிடிக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதே!"

"இறங்கணும்ங்க."

"அது நேத்து சாயங்காலம் மறுபடி விட்டுப்போச்சு. ஏழு மணிக்குத்தான் ஒட்டினேன். பசை இறுக முழுசா ஒரு நாள் ஆகும்னு குழுவுல குரு சொல்லியிருக்காரு."

"அப்ப எப்ப இறங்கறது?"

"சாயங்காலம் ஏழு மணிக்கு மேல இறங்கலாம்," என்றார் சகலை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

சரி, அவர் பக்கத்துக் கதவு? அங்கே கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குழி மட்டும் இருந்தது. உடைந்ததா? இல்லை. அந்தக் காரில் ஒரு தடவைகூட உடையாமல் மிஞ்சியிருந்த ஒரே உள் கைப்பிடி அதுதானாம். உடைந்துவிடக் கூடாதே என்று சனிக்கிழமை அவரே திருகாணியைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, வீட்டில் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்துவிட்டார். இரண்டு நாளாக ஜன்னலை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியால் திறந்து இறங்கிக்கொண்டிருந்தாராம். அந்த ஜன்னலின் பொத்தான்தான் இப்போது கதவின் வயிற்றுக்குள் போயிருந்தது. மச்சினி பக்கத்து ஜன்னல்? அது இறங்கினால் திரும்ப ஏறாது என்று போன மாதமே வயரைப் பிடுங்கிவிட்டார்.

நான் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினேன். "இதால நெம்பிப் பொத்தானை எடுத்துப் பாருங்க."

"கீறல் விழும் அண்ணா!"

இப்போது சொல்லுங்கள். லிஃப்டில் மாட்டிய முந்நூறு பேரை மீட்டவர், சொந்தப் பெண்டாட்டியையும் என்னையும் ஒரு காருக்குள் அடைத்து வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தோன்ற வேண்டும்? என்ன தோன்றியது தெரியுமா? தொழில் தோன்றியது. குரலைத் தாழ்த்தி, நிதானமாக, இருபது வருஷப் பழக்கத்தில் தானாகவே வந்தது பேச்சு.

"யாரும் பதட்டப்படாதீங்க. உள்ள காத்து போதுமான அளவு இருக்கு. கதவை நீங்களா திறக்க முயற்சி பண்ணாதீங்க. உதவி வந்துக்கிட்டே இருக்கு."

"யாருங்க வராங்க?" என்றாள் மச்சினி.

அவர் பழக்கதோஷத்தில் லிஃப்டின் அபாய மணியைக் கையால் தேடினார். ஆனால் உதவி நிஜமாகவே வந்தது. மருத்துவமனைக் காவலாளி, காரிலிருந்து யாரும் இறங்கவில்லையே என்று எங்களை நோக்கி நடந்து வந்தார். ஆறடி உயரம். நல்ல சிரித்த முகம். மச்சினிக்கு உயிர் வந்தது. கண்ணாடியைத் தட்டி, கதவைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினாள். அவரும் புரிந்துகொண்டு கையை நீட்டினார்.

சகலை அந்தக் கையைப் பார்த்தார். முறம் மாதிரி கை. ஒவ்வொரு விரலும் ஒரு வாழைப்பழம்.

'க்ளக்.'

சாவிப் பொத்தானை அழுத்திக் கதவுகளை உள்ளிருந்தே பூட்டிவிட்டார் மகராசன்!

"என்னங்க பண்றீங்க?"

"வெளிக் கைப்பிடியும் பிளாஸ்டிக்தாம்மா. மேல வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். அந்தக் கையைப் பாத்தியா நீ? இரு, நான் சொல்லிக் கொடுத்துட்டுத் திறந்து விடறேன்."

கண்ணாடி வழியாகப் பாடம் நடந்தது. சகலை கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, பதமாகக் கிள்ளுகிற மாதிரி காட்டினார். காவலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். உப்பு கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, இங்கே அதெல்லாம் கிடைக்காது என்று கையை விரித்தார். சகலை மறுபடி காட்டினார், இந்த முறை மணிக்கட்டை மெல்லத் திருப்பி. காவலாளி தன் மணிக்கட்டைப் பார்த்து, ஒன்பது நாற்பத்தெட்டு என்று விரல் மடக்கிச் சொன்னார்.

ஒன்பது நாற்பத்தெட்டு! மடியிலிருந்த பெட்டியில் பல் செட் இலேசாகக் கடகடவென்றது. ஆடியது பல் இல்லை, என் கால்.

மச்சினி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, பன்னெண்டு வருஷமா அந்த மாடிப்படிக்குக் கீழ உக்காந்திருக்கேன். இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. உங்களுக்கு நான் முக்கியமா, இந்தக் கைப்பிடி முக்கியமா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தப் புருஷனும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவான். பதில் தெரிந்த கேள்விதானே? பரீட்சையில் கேட்டால்கூட முழு மார்க் வாங்கலாம்.

அவர் யோசித்தார்.

ஐயா, அம்மா, யோசித்தார்! அந்தக் கார் நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கிற நேரம் முழுசாக யோசித்தார். நான் பின்சீட்டிலிருந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படியே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கையில் பல் இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

"நீதாம்மா முக்கியம்," என்றார் கடைசியில். "ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மச்சினி அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள், பூட்டைத் திறந்தாள், கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"அண்ணே! இழுங்க! பலமா இழுங்க!"

காவலாளி இழுத்தார். கதவு திறந்தது. திறந்த கதவு திறந்தபடி இருக்க, வெள்ளிப் பூச்சுப் பூசிய வெளிக் கைப்பிடி அவருடைய அகலமான உள்ளங்கையில், கூட்டிலிருந்து விழுந்த குருவிக்குஞ்சு மாதிரி படுத்திருந்தது. அவர் பாவம், அதையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், நான் சாதாரணமாத்தான் சார் இழுத்தேன்..."

மச்சினி அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டம். எனக்கு நிம்மதி. பெருமூச்சு விட்டுக் குனிந்தேன். மடியில் பெட்டி.

பல் செட் என்னிடம் இருக்கிறது! இரண்டு மாதம் இழைத்த பல் செட் என்னிடம் இருக்கிறது, அவள் வெறுங்கையோடு ஓடிக்கொண்டிருக்கிறாள், நான் பின்சீட்டில் இருக்கிறேன். நான் வெளியே போக வேண்டுமானால் முன்னிருக்கை மடங்க வேண்டும். இருக்கை மடங்க வேண்டுமானால் அதன் பக்கவாட்டில் இருக்கிற கம்பியை இழுக்க வேண்டும். அது எதனால் ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சகலை திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணா... பதமா..."

வாழ்க்கையில் நான் எதையும் உடைத்தவன் இல்லை. கடையில் ஒரு கண்ணாடிச் சில்லுகூடக் கீழே போட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குள் இத்தனை நாள் அடக்கி வைத்த பதமெல்லாம் திரண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன் பாருங்கள்! கம்பி என் கையோடு வந்தது. அதன் மூடி வந்தது. மூடிக்குப் பின்னாலிருந்த ஏதோ ஒரு வளையமும் வந்தது. இருக்கை படாரென்று முன்னால் சாய்ந்தது. அவ்வளவு இன்பமான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழி தவறி, வழி கேட்டு, மூன்று மாடி ஓடினேன். மேலே நீண்ட வராந்தா. மறுகோடியில் ஓர் அம்மாள் கதவின் மேல் கை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மச்சினி பையைக் குடைந்துகொண்டு, முகமெல்லாம் வெளுத்து நின்றாள்.

"அத்தான்!"

பெட்டியைக் கையில் கொடுத்தேன். அவள் உள்ளே நுழைந்தாள், கதவு சாத்திக்கொண்டது, எங்கேயோ ஒரு கடிகாரம் பத்து அடித்தது. நான் வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், என் இடது கையில் அந்தக் கம்பி இன்னும் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மச்சினி வெளியே வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. டாக்டரம்மா பல் செட்டை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "இதை யார் செஞ்சது?" என்று கேட்டாராம். "நான்தான்," என்று சொல்லும்போது பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் குரல் தனக்கே கேட்டது என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது, மறைக்கவில்லை.

கீழே சகலை காவலாளியோடு காரின் பக்கத்தில் நின்றிருந்தார். வெளிக் கைப்பிடியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் முதலில் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார், என் கையிலிருந்த கம்பியை அப்புறம்தான் பார்த்தார். அதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

"கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது."

"நான் சொல்லல? நேரத்துக்குக் கொண்டு வந்து விட்டுட்டேன்ல!"

மச்சினி எதிரே வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸின் கைப்பிடிக் கம்பியை முழுக் கையாலும், முழு பலத்தோடும் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனாள். அவ்வளவு பலமாக எதையாவது பிடித்து எவ்வளவு நாளாயிற்றோ!

மூன்று வாரம் வீட்டில் பேச்சில்லை. நாலாவது வாரம் அவளுக்கே மனசு கேட்கவில்லை. அவர் முட்டாள்தனம் செய்கிறவரே தவிர, கெட்டவர் இல்லையே! டின்னிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அச்சுப் பிடித்து, பல் செட் செய்கிற அதே பொருளில் மாதிரிக்கு ஒன்று வார்த்துக் கொடுத்தாள். பல் செட்டுக்கான பொருள், ஆகவே அந்த நிறம். கறுப்புக் காருக்குள் பளபளவென்று ஈறு நிறத்தில் ஒரு கைப்பிடி. பிடித்தால் யாரோ கொட்டாவி விடும்போது வாய்க்குள் கை விட்ட மாதிரி இருக்கும்.

சகலை முதலில் வெட்கப்பட்டார். பிறகு இழுத்துப் பார்த்தார். உடையவில்லை. ஓங்கி இழுத்தார். உடையவில்லை. காவலாளியைத் தேடிப் போய், அவரையும் இழுக்கச் சொன்னார். உடையவில்லை. குழுவில் படம் போட்டார். குருவே அசந்துபோய், இதற்குப் பல் துலக்க வேண்டுமா என்று கேட்டு எழுதினார்.

நாலு நாள் கழித்து நான் அந்தக் காரில் ஏறினேன். கைப்பிடி இருந்த இடத்தில் குழி.

"அது எங்க?"

"டின்னுல வெச்சுட்டேன் அண்ணா," என்றார் சகலை, ரகசியம் சொல்லுகிறவர் மாதிரி. "நம்ம கிட்ட உடையாத கைப்பிடி அது ஒண்ணுதானே இருக்கு. பாழாப்போயிடக் கூடாதுல்ல?"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களிடம் அப்படிக் கார் கிடையாது, ஆகவே இது உங்கள் கதை இல்லை. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் வாங்கின அன்றிருந்த பாலித்தீன் தாள் இன்னும் உரிக்காமல் இருப்பது வேறு விஷயம். டிவி ரிமோட் உறைக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருப்பதும், விருந்தாளிக்கென்று வாங்கின நல்ல கோப்பைகளை எந்த விருந்தாளிக்கும் இதுவரை எடுக்காததும், கைபேசிக்கு உறை போட்டு அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை போட்டிருப்பதும் கூட வேறு விஷயங்கள்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் இந்தப் புத்தகத்தை நீங்கள் பிடித்திருக்கிற விதத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். முழுசாக விரித்தால் முதுகு ஒடிந்துவிடும் என்று பாதி மட்டும் திறந்து, நடு மடிப்பில் ஒளிந்திருக்கிற எழுத்துகளை எட்டி எட்டிப் பார்த்துத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்? இப்போது உங்கள் வீட்டில் யாராவது வந்து, "அப்படி என்ன சிரிப்பு? கொடுங்க, நானும் படிக்கிறேன்," என்று கையை நீட்டுவார்கள். அவர்கள் கையை ஒரு தரம் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் யோசிக்கிறீர்கள் என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.